துட்டிக்குப் போகிறவள்

சீனியம்மாள் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்கிற சேதி சீனியம்மாளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அதற்குள் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, சிம்மக்கல்லில் அச்சாபீஸ்காரருக்குத் தெரிந்திருந்தது, அட்டைக்கு அவள் படம்கூடப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். தலைப்பு 'நிழலாய் நடந்தேன்'. அதற்குக் கீழே 'திருமதி சீனியம்மாள் அழகுபாண்டி' என்று பேர். நல்ல கூத்துதான் போங்கள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருசம், சட்டமன்றத் தேர்தல் கிட்டத்தில் வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் அழகுபாண்டி மேலூர்ப் பக்கம் ஓர் ஒன்றியத்துக்குச் சேர்மன். சேர்மன் பதவி சலித்துவிட்டது, எம்.எல்.ஏ. சீட்டு வேண்டும். பொம்பளைகள் ஓட்டு இவருக்கு விழும் என்று தலைமைக்குக் காட்ட வேண்டுமாம். அதற்கு யாரோ சொன்ன யோசனைதான் இந்தப் புத்தகம். சேர்மன் வீட்டம்மா தன் பொதுவாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறாள் என்றால் சும்மாவா?

எழுத வந்தவர் வெங்கடசுப்பிரமணியன். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், வெளியே வந்தால் மேடைத் தமிழ்தான். நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற அவர்களுடைய பெரிய வீட்டுக்குத் தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து, கூடத்துச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேனாவைத் திறப்பார்.

"பொதுவாழ்க்கைன்னதும் உங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது என்னம்மா?"

"கக்கூஸ்தான் சார்" என்றாள் சீனியம்மாள்.

வாத்தியார் பேனா நின்றுவிட்டது.

"ஓட்டுக் கேக்கப் போனா காலையில வண்டி ஏறுறது. ஆம்பளைக அங்கங்க இறங்கிக்கிருவாக. நான் எங்க ஒதுங்குறது? அதனால தண்ணியே குடிக்க மாட்டேன். அம்புட்டுப் பேரும் கலர் குடுப்பாக, சோடா குடுப்பாக, வாயில வச்சுட்டுக் கீழ வச்சுருவேன்."

வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். 'மக்களின் தாகத்தைக் கண்ணால் கண்ட பின்னர் எனக்குத் தாகம் எடுத்ததே இல்லை.'

சீனியம்மாள் சிரித்தேவிட்டாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. வாத்தியாரும் சிரித்தார், நல்ல மனுசன். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. இப்படியே புத்தகம் வளர்ந்தது. அவள் ஒன்று சொல்வாள், அவர் ஒன்று எழுதுவார், சாயங்காலம் சேர்மன் வந்து வாசித்துவிட்டு அதிலும் நாலு வரி சேர்ப்பார். 'நான்' 'நான்' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். அவள் யாரென்று சீனியம்மாளுக்குத் தெரியாது.

உண்மையைச் சொன்னால், அவள் வெளியிடத்தில் வாய் திறந்து பேசியதே கிடையாது. மேடையில் கும்பிடுவாள். ஜீப்பில் கும்பிடுவாள். மைக்கைக் கிட்டத்தில் கொண்டு வந்தால் வீட்டுக்காரரைப் பார்ப்பாள், அவர் மைக்கை வாங்கிக்கொள்வார். அவள் சத்தம் வெளியே கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது சாவு வீடு.

துட்டிக்குப் போவது அவள் வேலை. தொகுதியில் யார் செத்தாலும் சேர்மன் ரோஜா மாலையைப் போட்டுவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே போய்ப் பொம்பளைகளோடு கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவது சீனியம்மாள். அவள் அழுகைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. செத்தவரைப் பார்த்தே இருக்க மாட்டாள், ஆனால் பக்கத்தில் இருப்பவள் சொல்கிற ரெண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டு இழுத்தாள் என்றால் கல்லும் கரைந்துவிடும். "எங்க வீட்டம்மா அழுதா தொகுதியே அழுகும்ல" என்று அழகுபாண்டி கட்சிக்காரர்களிடம் பெருமை அடிப்பார். ஓட்டுக் கணக்கில் அதையும் வைத்திருந்தார்.

சாவு வீட்டு அழுகைக்கு ஒரு முறை இருக்கிறது. அழுகிறவளை நடுவில் நிறுத்தக் கூடாது. ஆம்பளை எவனும் குறுக்கே பேசக் கூடாது. மாமியார் மருமகளைச் சொல்லி அழலாம், தங்கச்சி அண்ணனைச் சொல்லி அழலாம், சொத்தைத் தின்றவனைப் பேர் சொல்லியே அழலாம். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் அதைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுவரவும் கூடாது. அழுகையில் சொன்னது அழுகையோடு போச்சு, அவ்வளவுதான்.

புத்தகம் முடிகிற கட்டத்தில் வாத்தியார் அச்சடித்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சீனியம்மாள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக்கொண்டே போனாள். 'மறக்க முடியாத அந்த மாலை' என்று ஓர் அத்தியாயம். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்காரர் தானே சொல்லி எழுத வைத்திருந்தார்.

'எங்கள் ஓட்டுநர் மருதுவின் கவனக்குறைவால் நிகழ்ந்த விபத்தில் அடிபட்ட அந்தக் கர்ப்பிணிச் சகோதரியை என் மடியில் ஏந்திக்கொண்டேன். என் சேலை இரத்தத்தில் நனைந்தது.'

சேலை நனைந்தது நிசம். மடியில் ஏந்தியதும் நிசம். மருது ஓட்டினான் என்பது மட்டும் பொய்.

மூணு வருசத்துக்கு முந்தி நடந்தது. குவாரி முதலாளி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அழகுபாண்டி நல்ல போதையில் இருந்தார். "இன்னைக்கு நான் ஓட்டுறேன்டா, நகரு" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மருது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். சீனியம்மாள் பின்சீட்டில். பொழுது விழுகிற நேரம், வாய்க்கால் கரையில் புல்லுக்கட்டோடு ஒரு புள்ளத்தாச்சி ஓரமாகத்தான் போனாள். மருது "அண்ணே, அண்ணே" என்று கத்தியது இன்னும் சீனியம்மாள் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, அவள் மடியிலேயே, அந்தப் பொண்ணு அடங்கிவிட்டாள்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அழகுபாண்டி இறங்கி, அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, மருதுவை ஸ்டியரிங் பக்கம் தள்ளி உட்கார வைத்தார். மருது கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தான். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்பதுபோல ஒரு பார்வை. சீனியம்மாள் தலையைக் குனிந்து மடியில் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், பொண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று மருதுவைச் சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தார் சேர்மன். சீனியம்மாளிடம் சத்தியம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் எங்கே பேசப்போகிறாள்?

மருது உள்ளே போனான், ஜாமீனில் வந்தான், லைசென்ஸ் போய்விட்டது. பிறகு அவனுக்கு யாரும் வண்டி தரவில்லை. ஆடு மேய்க்கிறான் என்றார்கள், குடிக்கிறான் என்றார்கள். கேஸ் மட்டும் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

சீனியம்மாள் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனாள். அவர் ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துருங்க."

"எதுக்கு?"

"நான் இப்படிச் சொல்லலியே."

"நீ எதத்தான் சொன்ன?" கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "வண்டியில இருந்தவ நீ. நீயே எழுதுன மாதிரி புஸ்தகத்துல வந்துருச்சுன்னா அதுக்கு மேல ஒருத்தனும் பேச முடியாது. போ, டீ கொண்டா."

வாத்தியாரிடம் கேட்டாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் பென்சன்காரன். பேத்திக்கு வேலைக்குச் சேர்மன்கிட்டதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

சீனியம்மாள் டீ போடப் போனாள். வேறு என்ன செய்வாள்? வெளியே போக வேண்டுமென்றால் கார் வேண்டும், கார் வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். போன் அவர் அறையில். வாசலில் விடிந்ததிலிருந்து வெள்ளை வேட்டிகள். எல்லாரும் "அக்கா, அக்கா" என்பார்கள், ஒருத்தனும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. பிறந்த வீட்டுக்கு எழுதலாமென்றால், அண்ணன் மகனுக்கு ரேசன் கடை வேலை வாங்கிக் கொடுத்தது இவர். மூச்சு முட்டியது அவளுக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் முட்டியது.

புத்தக வெளியீட்டுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்ட சமயத்தில் மருது செத்துப்போன தகவல் வந்தது. ஈரல் கெட்டு ரத்தமாக வாந்தி எடுத்துச் செத்தானாம்.  அழகுபாண்டி கட்சிக்காரன் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "செத்தவன் மேல கேஸ் நிக்காதுடா, முடிஞ்சது" என்றார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, நீங்களும் வாங்க. கேமராவையும் எடுத்துக்கங்க. கடைசி அத்தியாயம் கெடச்சிருச்சு. தப்புப் பண்ணுன டிரைவர் வீட்டுத் துட்டிக்கும் போய் அழுகுறா எங்க வீட்டம்மா. எவளுக்கு இந்த மனசு வரும்?"

மருதுவின் ஊர், அந்தப் பொண்ணு செத்த இடத்துக்கு ரொம்பப் பக்கம். அவள் ஊருக்கும் இவன் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். முன்னெல்லாம் நல்லது கெட்டதுக்கு ரெண்டு ஊரும் ஒன்றாக நிற்கும். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் ஊர்க்காரர்கள் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. மருது மகளைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீடும் அதோடு போய்விட்டது. அன்றைக்கும் பந்தலில் கூட்டமே இல்லை. பாடை தூக்கவே ஆள் பத்தாது என்று பேசிக்கொண்டார்கள். தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். காளை என்று பேர், செத்த பொண்ணுடைய அப்பா. மருதுவும் அவரும் ஒரு காலத்தில் ஒரே செட்டில் கபடி ஆடியவர்கள். உள்ளே வரவும் மனசில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை போல.

சேர்மன் மாலை போட்டார். வாத்தியார் படம் எடுத்தார். சீனியம்மாள் உள்ளே போய் மருதுவின் பொண்டாட்டி முத்துத்தாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றி நாலைந்து பொம்பளைகள் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். முத்துத்தாய் தலைவிரி கோலமாய் ஆரம்பித்தாள்.

"வண்டி ஓட்டப் போன மகராசா – எனக்கு
வாழ்க்கப் பழி வாங்கி வந்த மகராசா
புள்ளத்தாச்சி மேல வண்டி விட்டியே – அந்தப்
பொல்லாப்ப எந்தலையில கொட்டிட்டியே
வயித்துப் பிள்ள வந்து ஒன்ன வழிமறிச்சா – நீ
வாயத் தொறந்து என்ன சொல்லப்போற ராசா"

சீனியம்மாள் தலையை நிமிர்த்தி முத்துத்தாயின் முகத்தைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியாது. அவன் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். மூணு வருசமாக ஒரே பாயில் படுத்தவளிடம்கூடச் சொல்லாமல், கொலைகாரன் என்கிற பேரை அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டு கிடந்து செத்திருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பேரோடேயே தூக்கிப் போய்க் கொளுத்திவிடுவார்கள்.

அடுத்து சீனியம்மாள் முறை. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளை அமுக்கினாள். 'நல்ல தம்பி, நாணயத் தம்பி' என்று வழக்கமாக வருகிற வரி நாக்கில்தான் இருந்தது. அது வரவில்லை.

"சாவி ஒங்கையில இல்லையே தம்பி – நீ
சத்தியத்துக்கு வாயடச்ச தம்பி
பக்கத்துச் சீட்டுல நீ இருந்த – நான்
பாவி மக பின்னால பாத்திருந்தேன்
நகருடான்னு சொன்னவுக யாரு தம்பி – இப்ப
நாற்காலி போட்டிருக்காக பாரு தம்பி
குடிச்சுப்புட்டு ஓட்டுனவுக வெளிய இருக்க – எங்
கூடப்பொறந்த தம்பி நீ உள்ள கெடக்க"

கூட அழுத பொம்பளைகள் மூக்குறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியே பேச்சும் நின்றது. சீனியம்மாள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள்.

பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றான். "அக்காவுக்குப் பிரசர் இருக்கு, எழுப்பி விடுங்க."

"அழுகுறவள எழுப்புறதுதான் ஒங்க ஊருப் பழக்கமாப்பா?" என்றாள் உள்ளே இருந்த ஒரு கிழவி.

அவன் திரும்பிச் சேர்மனைப் பார்த்தான். சேர்மன் கொட்டுக்காரர்கள் பக்கம் கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான், கொட்டு எழுந்தது. காதைப் பிளக்கிற அடி. சீனியம்மாள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மேடையில் மைக்கை வாங்கிக்கொள்கிற மாதிரியே இங்கேயும் வாங்கிக்கொண்டார் மனுசன்.

முத்துத்தாய் எழுந்தாள். விரிந்த தலையோடு வெளியே போய், முன்னால் நின்றவன் கையிலிருந்த குச்சியைப் பிடித்துக்கொண்டாள். கொட்டு நின்றது.

"அழுகையில ஆயிரம் சொல்லுவாக" என்றான் பேச்சிமுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அதெல்லாம் கணக்குல சேராது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றாள் முத்துத்தாய். உள்ளே வந்து சீனியம்மாளுக்கு எதிரே நின்றாள். "அக்கா, அழுகாமச் சொல்லுங்க."

 அழுகையில் என்ன வேண்டுமானாலும் வரும் சீனியம்மாளுக்கு. ராகம் இல்லாமல், நாலு பேர் பார்க்க, சும்மா பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை. வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றார். கோபமே இல்லை முகத்தில், கூட்டத்துக்கென்று வைத்திருக்கிற சிரிப்புதான் இருந்தது. "வா சீனி, போவோம்" என்றார். காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள். எழுந்து போனால் ஏறிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய் டீ போடலாம், மண்டபத்தில் புத்தகத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு கும்பிடலாம். எல்லாம் முன்னே மாதிரியே இருக்கும். அந்த 'முன்னே மாதிரி'யை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எழுந்து நின்றாள்.

"மருது ஓட்டல" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை, கரகரவென்று வந்தது. "எங்க வீட்டுக்காரரு ஓட்டுனாரு. குடிச்சிருந்தாரு. நான் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். கோர்ட்டுல கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

 அழகுபாண்டி சிரிப்பு மாறாமலே திரும்பி நடந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வந்த மூணு வண்டியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. போகிற அவசரத்தில் வாத்தியாரை மறந்துவிட்டார்கள். அவர் கேமராவோடு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முத்துத்தாய் சீனியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு நாளா எங்க இருந்தீக?"

"வீட்டுலதான் இருந்தேன்" என்றாள் சீனியம்மாள்.

 முத்துத்தாய் மன்னித்த மாதிரி இல்லை. போய் மருதுவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முகத்தை ரெண்டு கையாலும் வழித்தாள். "ஏய்யா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். ராகமெல்லாம் போடவில்லை, சோறு போட்டுவிட்டுப் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "நான் பேசுன பேச்சுக்கெல்லாம் ஆடு பத்திக்கிட்டுப் போயிருவியேய்யா. ஒரு நாளாச்சும் கோவப்பட்டிருக்கலாம்ல."

வாத்தியார் மெதுவாகச் சீனியம்மாள் பக்கத்தில் வந்தார். "அம்மா, அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லிரவா?"

"எல்லாப் பக்கத்தையும் எடுங்க சார். எம்பேரையும் எடுங்க."

அவர் தலையை ஆட்டினார். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார்.

குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுத்தாயிற்று. பாடை கட்டினவர்கள் ஆளைப் பார்த்தார்கள். மூணு பக்கத்துக்குத்தான் தோள் இருந்தது. நாலாவதுக்கு மருதுவின் சித்தப்பா மகன் வர வேண்டும், அவன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், பொழுதாகிறது. என்ன செய்வதென்று முனகிக்கொண்டு நின்றபோது வேப்பமரத்தடியிலிருந்து காளை நடந்து வந்தார். நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மருதுவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நாலாய் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தூக்குங்கப்பா, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்" என்றார்.